பெயர் சொல்லக் கூடாத விளையாட்டு

வணக்கம் சொல்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் நிற்பவர் நெஞ்சிலிருந்து பேச வேண்டும், தாளிலிருந்து படிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதவாவது தகுதி இருக்கிறதா என்றால் அதுவும் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேடை, மைக், மாலை எல்லாம் எனக்குத் தூரத்தில் இருந்து பார்த்த பொருள்கள். ஆகவே என் கையில் இந்தத் தாள் நடுங்கினால், ஏசி காற்று என்று பெருந்தன்மையோடு எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த மகளிர் தின விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், நம் சங்கத்தைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலத் தூக்கிச் சுமக்கும் பாண்டித்துரை ஐயா அவர்களே, எங்கள் பள்ளியின் முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வாரம் முழுவதும் வெயிலில் வெந்துவிட்டு, கிடைத்த ஒரே வெள்ளிக்கிழமையையும் தமிழுக்காக விட்டுக்கொடுத்து தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அழுதுவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பக்கத்து அறையில் ஓவியப் போட்டியில் தரையெல்லாம் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "கேஜி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளி: நம் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் அது தருவது என்ன?" என்பது. தலைப்போடு பள்ளியின் வண்ணப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். அதில் எல்லாம் இருக்கிறது. நீச்சல் குளம் இருக்கிறது. ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஏசி பஸ் இருக்கிறது. அந்த ஏசி வேலை செய்கிறதா என்று நடுவரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார். சில நாள் செய்கிறது அண்ணா. முதல்வர் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், இதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள்.

நான் அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்த்த நாளை நினைத்துப் பாருங்கள். மூக்கு ஒழுகும் மழலையைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அங்கே ஒருவர் என்ன சொன்னார்? "இனிமே கவலைப்படாதீங்க, ப்ளஸ் டூ வரைக்கும் இங்கதான்" என்றார். தாய்மார்களே, இந்த வளைகுடா மண்ணில் வேறு யார் நம்மிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? விசா சொல்லுமா? வீட்டு ஓனர் சொல்லுவாரா? கம்பெனி சொல்லுமா? வேலை மாறும், வீடு மாறும், விசா மாறும், வீதியில் இருக்கும் கடைகூட மாறும். எதுவுமே நிலையில்லாத ஊரில் நின்றுகொண்டு, பதினான்கு ஆண்டுகள் உன்னை ஒரே வாசலில் வரவேற்பேன் என்று ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுக்கும் ஒரே இடம் பள்ளி. அந்த வாக்கை நாம் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை. குழந்தைகள் கேட்கிறார்கள். அப்படியே நம்பியும் விடுகிறார்கள்.

நான் அந்தப் பள்ளியில் கேஜி இரண்டாம் வகுப்பில் உதவி ஆசிரியை. ஷூ லேஸ் கட்டிவிடுவது, மூக்கைத் துடைப்பது, பென்சிலைச் சீவுவது என் வேலை. பேச்சு குறைவு என்பதால் பார்ப்பது அதிகம். இந்த ஆண்டு, இந்த இரண்டாயிரத்து ஒன்பதில், நான் பார்த்த ஒன்று என்னைத் தூங்க விடவில்லை.

பிள்ளைகள் காணாமல் போனார்கள்.

பதறாதீர்கள். யாரும் கடத்தவில்லை. என்ன நடந்தது என்று இந்த அரங்கில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகள் மூடின. விசா ரத்தானது. வியாழக்கிழமை மதியம் "பை மிஸ்" என்று கையசைத்துப் போன குழந்தை, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நாற்காலி இருந்தது. சுவர் ஆணியில் அவன் பெயர் எழுதிய ஓவியப் பை தொங்கியது. அலமாரியில் அவன் தண்ணீர் பாட்டில், பாதித் தண்ணீரோடு நின்றது. அதைக் கொட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. போன் செய்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் சொன்னாள்.

பெரியவர்களாகிய நாம் "எக்ஸிட் அடிச்சு ஊருக்குப் போயிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். ஐந்து வயதுக் குழந்தைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள்.

யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது. ஒருநாள் இடைவேளையில் பார்த்தேன். வட்டமாக நிற்கிறார்கள். சத்தமே இல்லை. கேஜி வகுப்பு இடைவேளையில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஒருத்தி வட்டத்துக்கு வெளியே சுற்றி வருகிறாள். யாராவது ஒருவரின் முதுகைத் தொட்டு, முடிந்தது என்பதற்கு இங்கே சொல்வது போல, "கலாஸ்" என்கிறாள். தொடப்பட்ட குழந்தை எதுவும் சொல்லாமல் நடந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மீதி இருப்பவர்கள் நெருங்கி நின்று, அந்த இடைவெளியை மூடிவிட வேண்டும். வட்டம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. சுவர் ஓரம் நிறைந்துகொண்டே போகிறது.

"என்னம்மா விளையாட்டு இது?" என்று கேட்டேன்.

"எக்ஸிட், மிஸ்."

"ரூல் என்ன?"

தாரிணி என்று ஒரு குழந்தை. வகுப்பிலேயே நிதானமாகப் பேசுகிறவள். அவள்தான் விளக்கினாள். "போனவங்க நேம் சொல்லக் கூடாது மிஸ். சொன்னா சொன்னவங்களும் அவுட். அவங்களும் போயிடுவாங்க."

நான் சிரித்தேன். நீங்களும் இப்போது சிரிக்கிறீர்கள். ஆனால் அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். விளையாட்டு முடிந்து வகுப்புக்கு வந்த பின்னும் அந்த விதி முடியவில்லை. அர்ஜுன் என்று ஒரு பையன். தாரிணிக்குப் பக்கத்து நாற்காலி. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். அவன் அப்பா ஐயப்பன், முசஃபாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் வரவில்லை. அவன் பையை எடுத்துக் காட்டி, "இது யாருடையது?" என்று வகுப்பில் கேட்டேன். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்களைப் போல.

பின்வரிசையில் கேட்கிறதா? நன்றி. கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், பழக்கம் அப்படி.

இனி நான் சொல்லப்போவது தாரிணியின் பெற்றோரின் அனுமதியோடுதான். அவள் அப்பா கோபாலசாமி சாரும் அம்மா பிரபாவதி அக்காவும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். "சொல்லுங்க மிஸ், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார் அக்கா.

பிப்ரவரியில் ஒரு நாள் மணல்காற்று அடித்தது, நினைவிருக்கிறதா? மதியத்திலேயே வானம் பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. தெரு விளக்குகள் பகலில் எரிந்தன. அன்று தாரிணி வழக்கமாகப் போகும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றினார்கள். அந்த பஸ்ஸின் ஆயா ரஹீமா பீவி, கீழக்கரைக்காரர். தாரிணி வீடு இருக்கும் ஷாபியா பக்கத்துக்குப் புதியவர். பிரபாவதி அக்காவுக்குப் போன் போட்டு வழி கேட்டார்.

இந்த ஊரில் வழி எப்படிச் சொல்வோம்? தெருவுக்குப் பெயர் உண்டா? கதவுக்கு எண் உண்டா? தபால்கூட பெட்டி எண்ணுக்குத்தானே வருகிறது. கட்டடம் எல்லாம் ஒரே காண்ட்ராக்டர் கட்டியது, ஒரே ரோஸ் பெயிண்ட். நாம் எல்லோரும் சொல்வது போலத்தான் அக்காவும் சொன்னார். "பச்சைக்கிளி போர்டு போட்ட பகாலா கடை இருக்கும். அதுக்கு நேர் எதிர் பில்டிங். மூணாவது மாடி, இடது கை கதவு. அவளுக்கே தெரியும், கிளியப் பார்த்தா இறங்கிடுவா."

கிளியைப் பார்த்தாள். இறங்கினாள். "இதுதான் ஆன்ட்டி எங்க வீடு" என்று ரஹீமா பீவியிடம் சொல்லிவிட்டு, காற்றில் தலையைக் குனிந்துகொண்டு கட்டடத்துக்குள் ஓடினாள்.

இந்தப் பக்கம் பிரபாவதி அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பிள்ளை வரவில்லை. பஸ்ஸுக்குப் போன் போட்டார்.

"இப்பத்தானம்மா எறக்கி விட்டேன். கிளி போர்டுக்கு எதிர்ல, உள்ள போறத என் கண்ணால பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன்" என்றார் ரஹீமா பீவி.

அக்கா ஜன்னலுக்கு ஓடினார். வெளியே ஆரஞ்சுப் புழுதி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டருக்கு மேலே வெறும் சுவர். இரண்டு ஆண்டுகளாகத் தினமும் பார்த்த கிளி அங்கே இல்லை.

பள்ளிக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "மிஸ், கிளியக் காணோம்" என்றார். நான் ஒரு கணம், வகுப்பில் ஏதோ பொம்மையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "கிளி இல்ல மிஸ். கிளிகிட்ட எறக்கி விட்டோம்ங்கிறாங்க. இங்க கிளியே இல்ல. எம் புள்ளைய எங்க எறக்குனாங்க?" அந்தக் குரலை நான் எழுத முடியாது. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அப்போது அலுவலகத்தில் சங்கீதா நின்றிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பொதுத்தேர்வுக்குப் படிக்க மதியமும் பள்ளியில் தங்குகிறவள். கேஜியில் இதே வாசலில் அழுதுகொண்டே நுழைந்தவள், பதினான்கு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறாள். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"மிஸ், அந்தப் பேரட் ஷாப் ஷிஃப்ட் ஆயிடுச்சு. காலைல நான் பஸ் ஏறும்போது எங்க ஸ்ட்ரீட்ல அந்த போர்டு மாட்டிட்டு இருந்தாங்க. சேம் கலர் பில்டிங்தான் ஆப்போசிட்ல."

கடைக்காரர் இடம் மாறியிருக்கிறார். கிளியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். அவர் செய்தது தவறா? இல்லை. அக்கா சொன்ன வழி தவறா? இல்லை. நம்மில் யார்தான் வேறு மாதிரி சொல்லியிருப்போம்?

சங்கீதாவும் நானும் டாக்சியில் போனோம். அந்தக் கட்டடத்தின் படியேறியபோது எனக்கே இது தாரிணி வீடுதான் என்று தோன்றியது. அதே தரைக்கல். அதே கைப்பிடி. அதே இடத்தில் எரியாத அதே விளக்கு. மூன்றாவது மாடிக்கு ஏறும் படியில் வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வங்காளி. எங்களைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். "பேட்டி குச் நஹி போல்தி. மா கா நாம் பூச்சா, பாப் கா நாம் பூச்சா. நஹி போல்தி." அம்மா பெயர் கேட்டாராம், அப்பா பெயர் கேட்டாராம். குழந்தை வாயே திறக்கவில்லையாம். குழந்தையின் பையைத் தொடவோ கூட்டிக்கொண்டு போகவோ பயம். விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. அதனால் படியில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

இடது பக்கக் கதவு திறந்திருந்தது. வாசலில், யாரும் குடியில்லாத வீட்டின் வாசலில், சின்னஞ்சிறிய இரண்டு கறுப்பு ஷூக்கள் ஒழுங்காக, ஒன்றையொன்று ஒட்டி வைக்கப்பட்டிருந்தன.

உள்ளே போனேன். காலி வீடு. ஜன்னல் ஏசியைப் பெயர்த்து எடுத்த சதுர ஓட்டை வழியாகக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையிலிருந்து மணல் கொட்டி, தரை முழுவதும் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அதில் காலுறை போட்ட சிறிய கால்களின் தடங்கள். நான் அந்தத் தடங்களைப் படித்தேன். வாசலிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போயிருக்கிறாள். அங்கே நின்றிருக்கிறாள்; நின்ற இடத்தில் மணல் மிதிபட்டுக் கிடந்தது. பிறகு படுக்கையறை. பிறகு குளியலறைக் கதவு வரை. பிறகு மறுபடியும் சமையலறை. தாய்மார்களே, உங்கள் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தை இரண்டு முறை ஓடியிருக்கிறாள்.

ஹாலில், ஜன்னலுக்குக் கீழே, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுத தடமும் முகத்தில் இல்லை. கழுத்தில் மாட்டியிருக்க வேண்டிய பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடியிருந்தாள். அவளுடைய தலைக்கு மேலே ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகித மீன் ஒன்று காற்றில் படபடத்தது. டிசம்பரில் நாங்கள் வகுப்பில் எல்லோரும் செய்த மீன். ஜிகினா ஒட்டிய மீன். தாரிணி வீட்டு ஜன்னலிலும் அதே போல ஒன்று இருக்கிறது.

அவள் முடிவே செய்துவிட்டாள், இது தன் வீடுதான் என்று. கிளி இருக்கிறது, கதவு இருக்கிறது, மீன் இருக்கிறது. அம்மா இல்லை, அப்பா இல்லை, சோபா இல்லை, டிவி இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த ஆண்டு நாம் கற்றுக்கொடுத்த ஒரே அர்த்தம்தான்.

"தாரிணி, அம்மா வீட்ல தேடுறாங்கடா, வா" என்றேன்.

மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தேன். மீனின் பின்பக்கம், கண்ணாடியில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்த மூலையில் என் கையெழுத்து தெரிந்தது. எல்லா மீன்களின் பின்னாலும் பெயர் எழுதியது நான்தான். எக்கி நின்று மூலையைத் திருப்பிப் பார்த்தேன். அது அர்ஜுனின் மீன். அது அர்ஜுன் இருந்த வீடு.

அந்தப் பெயரைச் சொல்ல என் வாய் தானாகத் திறந்திருக்க வேண்டும். தாரிணி பாய்ந்து எழுந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் மணல்.

"சொல்லாதீங்க மிஸ். நீங்களும் போயிடுவீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, வாட்ச்மேன் அம்மா பெயரைக் கேட்டபோது அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று. சொல்லியிருந்தால் அரை மணியில் வீட்டுக்கு வந்திருப்பாள். அவள் சொல்லவில்லை. விளையாட்டின் விதி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. போனவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது.

பாண்டித்துரை ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம்தான் ஐயா. இல்லை, பேசச் சொல்லிக் கைகாட்டுகிறார். நன்றி ஐயா.

வீட்டுக்கு அழைத்துப் போனோம். படியில் பாதி வழியில் பிரபாவதி அக்கா ஓடிவந்து அவளை வாரி அணைத்தார். குழந்தை அணைக்கப்பட்டாள், அணைக்கவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவை அண்ணாந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, "ஆன்ட்டி, ஷூ எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

அக்கா குனிந்து அந்த ஷூக்களைத் தானே கழற்றிவிட்டார்.

டாக்டர் பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கூட்டல் கணக்குப் போடுகிறாள். சில நாளில் ஆன்ட்டி என்பதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் அம்மா என்று கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் பக்கத்தில் வந்து நிற்கிறாள். "நான் எங்கயும் போகலையே மிஸ். நான் எங்க போயிட்டேன்னு எங்கிட்டயே கேக்குற மாதிரி பாக்குறா" என்று அக்கா என்னிடம் சொன்னார். கூப்பிட்டால் அம்மா போய்விடுவாள் என்ற அச்சமா? இல்லை, போன அம்மாவுக்குப் பதில் யாரோ வந்திருக்கிறார் என்ற எண்ணமா? தெரியவில்லை. அந்தச் சின்னத் தலைக்குள் நுழைந்து பார்க்க எந்தப் பட்டமும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரே வாசல் கொண்ட பள்ளி என்ன தரும்? சங்கீதாவைத் தரும்.

அவள் முதல்வர் அம்மாவிடம் போய்க் கேட்டாள். "மேம், டென் மினிட்ஸ் கேஜி அசெம்பிளி குடுங்க." பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் இதென்ன வேலை என்று சொல்லாமல் அனுமதி கொடுத்தார் நம் முதல்வர் அம்மா. நெடுநெடுவென்று வளர்ந்த அந்தப் பெண், குழந்தைகளுக்கு நடுவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நானும் இதே கிளாஸ்லதான் இருந்தேன். என்கூட இருந்தவங்க நிறைய பேர் போயிட்டாங்க. இப்ப அவங்க நேமெல்லாம் சொல்லப்போறேன்."

குழந்தைகள் பின்னால் நகர்ந்தார்கள். உண்மையாகவே நகர்ந்தார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.

அவள் சொன்னாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். வடிவு, எப்பவும் ரெண்டு ரப்பர் வச்சிருப்பா, ஒண்ணு எனக்கு. சித்தீக், சாக்பீஸ் தின்னுவான். அருணா, பஸ்ல வாந்தி எடுப்பா, ஆனா ஜன்னல் சீட்டு தர மாட்டா. ஒரு பெயர், ஒரு நினைவு. ஒரு பெயர், ஒரு நினைவு. சிரிக்க வேண்டிய இடங்களிலும் ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைந்துவிடுவாளோ, காற்றில் கலந்துவிடுவாளோ என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, எங்கள் வகுப்பு முழுவதும் வாசலில் நின்றது. யார் சொல்லியும் உள்ளே வரவில்லை. பெரிய வகுப்புப் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்தக் காத்திருப்பை நான் மறக்க மாட்டேன். சொந்தங்கள் வரும் விமானத்துக்கு நாம் காத்திருப்போமே, கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, அப்படிக் காத்திருந்தார்கள். கடைசிப் பஸ்ஸிலிருந்து சங்கீதா இறங்கினாள்.

வந்துவிட்டாள். பெயரைச் சொன்னவள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அதற்கும் அடுத்த நாள் வந்தாள்.

அன்று இடைவேளையில் சாக்பீஸ் தின்னும் சித்தீக்கின் பெயரை ஒரு குழந்தை முணுமுணுத்தது. இன்னொன்று, போன மாதம் போன தன் தோழியின் பெயரைச் சொல்லிவிட்டு, தன் கைகால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் பெயர்களால் நிறைந்துவிட்டது. எக்ஸிட் விளையாட்டு நின்றுபோனது. கடைசியாக, எல்லோருக்கும் கடைசியாக, தாரிணி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி "அர்ஜுன்" என்றாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, இதுதான் ஒரே வாசல் தருவது. ஐந்து வயதுக் குழந்தையிடம் நாற்பது வயது ஆசிரியை சொன்னால் அது பாடம். பதினேழு வயதுக்காரி சொன்னால் அது சாட்சி. நானும் உன்னைப் போல் இங்கே இருந்தேன், என்னையும் விட்டுப் போனார்கள், நான் இதோ நிற்கிறேன் என்று சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளையை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாது. எந்த நீச்சல் குளத்திலும் எடுக்க முடியாது. ஒரு வாசலில் நுழைந்து, அதே வாசலில் வளர்ந்து, அதே வாசலில் நிமிர்ந்தால்தான் அப்படி ஒரு பிள்ளை கிடைக்கும்.

ஆனால் பள்ளியால் மட்டும் முடியாத ஒன்று இருக்கிறது. போகிறவர்கள் போகத்தான் வேண்டும். அதைத் தடுக்க நம் யாராலும் ஆகாது. போகும் செய்தியைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். வேலை போனது வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிறீர்கள், புரிகிறது. பிள்ளை வகுப்பில் உளறிவிடும் என்று பயப்படுகிறீர்கள், அதுவும் புரிகிறது. கடைசியாக ஒரே ஒரு நாள் அனுப்பி வையுங்கள். அவனுடைய பாட்டிலை அவனே எடுத்துப் போகட்டும். அவனுடைய பையை அவனே ஆணியிலிருந்து கழற்றட்டும். வகுப்பு அவன் பெயரைச் சொல்லிக் கையசைக்கட்டும். இங்கே அமர்ந்திருப்பவர்களில் யாரோ ஒருவர் அடுத்த வாரமே விமானம் ஏறப்போகிறவராக இருக்கலாம். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. கேட்டால் போதும்.

இவ்வளவு நேரம் என் நடுங்கும் தாளைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், வாய்ப்பளித்த சங்கத்துக்கும், மணி அடிக்காமல் விட்ட ஐயாவுக்கும் என் நன்றி.

இங்கே நான் இறங்கியிருக்க வேண்டும். தாளில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. படிப்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். படித்துவிடுகிறேன்.

தாரிணி அர்ஜுனின் பெயரைச் சொன்ன அன்று, திரும்பி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "இப்ப அவன் எங்க இருக்கான் மிஸ்?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவள் முகம் மறுபடி மூடிக்கொண்டது. பெயரைச் சொன்னால் நாம் போகமாட்டோம் என்பது வரை அவள் வந்துவிட்டாள். போனவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் என்பதற்கு அவளுக்கு இன்னும் சாட்சி கிடைக்கவில்லை. அது கிடைக்காதவரை, அன்று அந்தக் காலி வீட்டில் போய்விட்ட அம்மா அவளுக்குத் திரும்பி வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பா அழகுமலை இதே வளைகுடாவில், ஜுபைல் கேம்பில் இருந்தார். முகம் மறந்துவிட்டது. எப்போதாவது போனில் வரும் ஒரு குரல்தான், அப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது. குரல் போதும். குழந்தைக்குக் குரல் போதும்.

ஐயப்பன் அண்ணன் குடும்பம் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டு சோஹாருக்குப் போய்விட்டது என்கிறார் ஒருவர். தூத்துக்குடிப் பக்கம் ஊருக்கே போய்விட்டார்கள் என்கிறார் இன்னொருவர். ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று நான் கேட்கமாட்டேன். இங்கே முசஃபா அண்ணன்மார்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். அவரோடு ஒரே ரூமில் இருந்தவர், ஒரே சைட்டில் வேலை பார்த்தவர், யாராவது ஒருவரிடம் அவருடைய எண் இருக்கும். என்னிடம் தர வேண்டாம். நீங்களே கூப்பிட்டு, அர்ஜுனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் ஒரே ஒரு வரி பேசினால் போதும். "தாரிணி, நான் இங்க இருக்கேன்." அவள் பக்கத்து அறையில்தான் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். யாரிடமாவது அந்த எண் இருந்தால், தயவுசெய்து, இப்போதே எழுந்து வெளியே போய்க் கூப்பிடுங்கள். நான் மேடையை விட்டு இறங்கி அந்தக் கதவருகே நிற்கிறேன்.